காசநோய் ஆறிய நெஞ்சில் பங்கசு

காசநோய்க்கு ஆறு மாதம் குளிசை குடித்து முடித்தவர்களையும் அவர்களுடைய வீட்டாரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட அத்தியாயம் இது. சளியில் கிருமி இல்லை, சிகிச்சை நிறைவு என்று கிளினிக்கில் எழுதிக் கொடுத்தபின் வாழ்க்கை வழமைக்குத் திரும்புகிறது. பிறகு ஒரு வருடத்தில், ஐந்து வருடத்தில், சிலருக்கு இருபது வருடம் கழித்துக்கூட, பழைய இருமல் மறுபடி தொடங்குகிறது. சளியோடு இரத்தம் தெரிகிறது. உடுப்பு தளர்கிறது. வீட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: கசம் திரும்பிவிட்டது.

திரும்பியும் இருக்கலாம். அதை முதலில் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் சளியில் காசநோய்க் கிருமி இல்லையென்று முடிவு வந்தால், அதற்குப் பிறகு கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பலர் அதைக் கேட்காமலே வீடு திரும்புகிறார்கள். "டொக்டர், பழைய ஓட்டைக்குள்ள பங்கசு பிடிச்சிருக்குமோ?" உங்களை இந்த ஒரு கேள்வியைக் கேட்க வைத்துவிட்டால் இந்த அத்தியாயம் தன் வேலையைச் செய்துவிட்டது.

திருகோணமலையில், பாலையூற்றிலிருந்து சீனக்குடாப் பக்கம் வேலைக்குப் போய்வரும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருடத்துக்கு முன் காசநோய் வந்து மாறியவர். இப்போது நான்கு மாதமாக இருமல். மருந்தகத்தில் நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை வாங்குகிறார். கொஞ்சம் குறைகிறது, திரும்ப வருகிறது. தனியார் வைத்தியர் ஒருவர் எக்ஸ்றே எடுத்துப் பார்க்கிறார். வலது மேற்பகுதியில் ஓட்டையும் தழும்பும். சளிப் பரிசோதனையில் எதுவும் இல்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று காசநோய் மருந்து மறுபடி தொடங்கப்படுகிறது. இரண்டு மாதம் கழித்தும் எடை ஏறவில்லை, இரத்தமும் நிற்கவில்லை. உலகின் பல நாடுகளில் நீண்டகால நுரையீரல் பங்கசு நோய் இப்படித்தான் காசநோயின் பெயரில் மறைந்து கிடக்கிறது. கிருமி இல்லையென்று தெரிந்த பின்னும் காசநோய் மருந்தை ஆதாரமின்றித் திரும்பத் திரும்பக் கொடுப்பது, நோயாளியின் காலத்தையும் ஈரலையும் வீணாக்குவது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஓட்டைக்குள் என்ன நடக்கிறது

இந்த நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது அஸ்பெர்ஜிலஸ் என்ற பங்கசு, அதிலும் குறிப்பாக அஸ்பெர்ஜிலஸ் பியூமிகேற்றஸ் என்ற இனம். அது மக்கும் இலைகுழையிலும் ஈர வைக்கோலிலும் பழைய சாக்கிலும் தானியத்திலும் வளர்கிறது. வெள்ளம் ஏறி இறங்கிய வீட்டுச் சுவரிலும் வளரும். அதன் வித்துகள் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் பருமன். மூக்கும் தொண்டையும் தடுத்து நிறுத்த முடியாத அளவு சிறியவை என்பதால் மூச்சோடு நேரே நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய்விடுகின்றன. பாலையூற்றில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும் நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் இவற்றைச் சுவாசிக்கிறோம்.

நல்ல நுரையீரலில் இவற்றால் ஒன்றும் நடப்பதில்லை. சுவாசக் குழாய்களின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் சளியோடு சேர்த்து அவற்றை மேலே தள்ளிவிடுகின்றன. தப்பி உள்ளே போனதைச் சிற்றறைகளில் காவல் இருக்கும் வெள்ளணுக்கள் விழுங்கிவிடுகின்றன. முளைத்து நூல்விடத் தொடங்கினாலும் வேறொரு வகை வெள்ளணுக்கள் வந்து அழித்துவிடும்.

காசநோய் தின்றுவிட்டுப் போன இடத்தில் இந்த ஏற்பாடு இல்லை. அங்கே எஞ்சியிருப்பது ஒரு குழி. அதன் சுவர் தழும்பேறியது. நுண்மயிர் இல்லை, இரத்த ஓட்டம் குறைவு, ஆகவே வெள்ளணுக்களும் போதிய அளவு வந்து சேர்வதில்லை. ஆனால் ஈரமும் சூடும் காற்றும் உண்டு. மாரி முழுதும் பூட்டிக் கிடந்த அறையின் மூலையில் பூஞ்சணம் படர்வதுபோல வித்துகள் அங்கே ஒட்டி முளைக்கின்றன. பியூமிகேற்றஸ் மக்கும் குப்பைக் குவியலின் கொதிப்பையே தாங்கும் இனம். 37 பாகை செல்சியஸ் உடற்சூடு அதற்கு மிக வசதியானது. நூல் நூலாகப் படர்ந்து, இறந்த கலங்களும் சளியும் சேர, மாதங்களில் அது ஒரு பந்தாகத் திரளலாம். எக்ஸ்றேயில் குழிக்குள் ஒரு உருண்டையும் அதன் மேல் பிறைபோல ஒரு காற்று இடைவெளியும் தெரிந்தால் அது பங்கசுப் பந்து.

பந்து திரளாமலும் நோய் முற்றலாம் என்பதை வாசகர் நினைவில் வைக்கவேண்டும். பந்து தெரியவில்லை, ஆகவே பங்கசு இல்லை என்ற முடிவு தவறு. குழியின் சுவர் தடிப்பதும், பக்கத்தில் புதிய குழிகள் தோன்றுவதும், நுரையீரலின் உறை தடித்துப் போவதும்தான் பலரிடம் காணப்படும் வடிவம். கவனிக்காமல் விட்டால் வருடக்கணக்கில் அந்தப் பக்க நுரையீரல் நார்த்துச் சுருங்கிவிடும். நார்த்துப் போன பகுதி மருந்தால் மீள்வதில்லை. சீக்கிரம் கண்டுபிடிக்கவேண்டும் என்று இங்கே திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

இரத்தம் எங்கிருந்து வருகிறது? நீண்டகால அழற்சி நடக்கும் குழியைச் சுற்றிச் சுவாசக் குழாய் நாடிகள் பருத்துப் பின்னிக்கொள்கின்றன. அவற்றின் அழுத்தம் அதிகம். பங்கசின் நொதியமும் அழற்சியும் அவற்றின் சுவரை அரிக்கும்போது சிறு கசிவு முதல் பெரும் பெருக்கு வரை நடக்கலாம்.

எவ்வளவு பேருக்கு இது வருகிறது என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1960களின் இறுதியில் பிரித்தானியக் காசநோய்ச் சங்கம், காசநோய் மாறிய பின்னும் 2.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத குழி எஞ்சியிருந்த 544 பேரைப் பரிசோதித்தது. அவர்களில் நான்கில் ஒருவரின் இரத்தத்தில் அஸ்பெர்ஜிலசுக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்தது. சில வருடம் கழித்து மீண்டும் பார்த்தபோது அந்தப் பங்கு கூடியிருந்தது. அண்மைக் காலத்தில் உகண்டாவின் குளு நகரில் காசநோய் சிகிச்சை முடித்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். எக்ஸ்றேயில் குழி இருந்தவர்களுள் ஆண்டுக்கு 6.5 சதவீதத்தினருக்கு இந்த நோய் புதிதாக வந்தது. குழி இல்லாதவர்களுள் 0.2 சதவீதம் மட்டுமே. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரத்தைப் பாருங்கள். காசநோய் மாறியவர்கள் எல்லோரும் பயப்படத் தேவையில்லை. குழி எஞ்சியவர்கள் விழிப்பாக இருக்கவேண்டும். உங்களுக்குக் குழி இருக்கிறதா என்பதைச் சிகிச்சை முடியும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிவு எக்ஸ்றேயின் பிரதியைப் பிறப்புச் சான்றிதழ் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

இலங்கையில் பொதுவாக ஆண்டுதோறும் எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேரளவில் காசநோயாளராகப் பதிவாகிறார்கள். இவர்களுக்கான மருந்து மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்கள் ஊடாக இலவசமாகக் கிடைக்கிறது. திருகோணமலைக்கும் அப்படியொரு நிலையம் உண்டு. அந்தச் சேவையின் பலமே நோயாளியை ஆறு மாதம் விடாமல் பின்தொடர்வதுதான். ஏழாம் மாதத்திலிருந்து கவனிக்கும் பொறுப்பு நோயாளியின் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

காசநோய் மட்டுமே காரணம் என்றும் இல்லை. புகைப்பழக்கத்தால் நுரையீரல் விரிந்து பழுதானவர்கள், முன்பு நுரையீரலில் சீழ்க்கட்டி வந்தவர்கள், காசநோய்க் கிருமியின் உறவான வேறு நுண்ணங்கிகளால் பாதிக்கப்பட்டவர்கள், மூட்டுவாத நோயும் நுரையீரல் பாதிப்பும் சேர்ந்தவர்கள் ஆகியோருக்கும் வரலாம். கட்டுப்பாடற்ற சீனி வருத்தம், தொடர்ந்த மது, கடும் போசாக்குக் குறைவு, நீண்டகால ஸ்டீரொயிட் குளிசை இவற்றில் ஏதேனும் சேர்ந்தால் நோய் வருடக்கணக்கில் நகராமல் ஒன்றிரண்டு மாதத்தில் முற்றிவிடும். இப்படிப்பட்டவர்கள் காத்திருக்கக்கூடாது.

முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு இதே பங்கசால் வருவது வேறொரு நோய். அங்கே பங்கசு குழி தேடுவதில்லை. சுவாசக் குழாயில் தங்கி ஒவ்வாமையைக் கிளப்புகிறது. பம்ப் ஒழுங்காக எடுத்தும் முட்டு அடங்காமல், கபில நிறக் கட்டிச் சளி வந்தால் அதைப்பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். 2021இல் இந்தியாவில் கொவிட்டோடு சேர்ந்து பேசப்பட்ட கருப்புப் பூஞ்சையும் வேறு. அது வேறு குடும்பத்துப் பங்கசு, நாட்கணக்கில் முற்றுவது. இந்த அத்தியாயம் மெதுவாக வளரும் நோயைப் பற்றியது.

எப்போது சந்தேகிப்பது, எங்கே போவது

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், மெலிவு, முன்பு செய்த வேலையைச் செய்யமுடியாத களைப்பு, மாடிப்படியில் மூச்சு வாங்குவது. காய்ச்சல் இருக்கலாம், பெரும்பாலும் இராது. களைப்பைப் பலர் வயது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வருடத் தொடக்கத்தில் மூட்டை தூக்கியவர் வருட முடிவில் வாளித் தண்ணீர் தூக்கத் தயங்குகிறார் என்றால் அதற்கு வயது காரணம் ஆகாது. வீட்டிலுள்ள பெண்களே இதை முதலில் கவனிக்கிறவர்கள். அவர்களுடைய சொல்லை வைத்தியரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் போகவேண்டிய இடம் திருகோணமலை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம், அல்லது மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு. பழைய காசநோய் அட்டை, பழைய எக்ஸ்றே, இப்போது குடிக்கும் எல்லாக் குளிசைகளின் பெட்டிகள், நிறுத்துப் பார்த்த எடைக் குறிப்பு இருந்தால் அதுவும், ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பழைய எக்ஸ்றேயின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. இந்த நோயைக் காட்டிக்கொடுப்பது ஒரு படம் அல்ல, இரண்டு படங்களுக்கு இடையில் உள்ள மாற்றம். குழி மூன்று வருடத்துக்கு முன்பும் இதே அளவில் இருந்ததா, சுவர் இப்போதுதான் தடித்ததா என்பதைப் பழைய படம் இருந்தால்தான் சொல்லமுடியும்.

அங்கே சளியை முதலில் காசநோய்க்காகவே பார்ப்பார்கள். அது சரியான ஒழுங்கு. இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம். விடியற்காலை எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழ மூச்செடுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் கொடுங்கள், எச்சில் பயன்படாது. சளியில் காசநோய்க் கிருமியின் மரபுப் பொருளைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனையைப் பற்றி ஒரு விடயம்: காசநோய் மாறி அதிக காலம் ஆகாதவர்களிடம் இறந்த கிருமியின் மரபுப் பொருளும் அந்தச் சோதனையில் அகப்படலாம். ஆகவே பழைய நோயாளரில் அதன் முடிவை வளர்ப்புச் சோதனையோடு சேர்த்துத்தான் வைத்தியர் படிப்பார். அவசரப்பட்டு நீங்களே முடிவெடுக்கவேண்டாம்.

பங்கசு நோயை உறுதிப்படுத்த நான்கு விடயங்கள் சேரவேண்டும். குறைந்தது மூன்று மாத நோய், எக்ஸ்றேயிலோ சீ.ரீ. ஸ்கேனிலோ அதற்கு ஏற்ற மாற்றம். அஸ்பெர்ஜிலஸ் இருப்பதற்கான ஆதாரம். வேறு நோய்கள் இல்லையென்ற உறுதி, முக்கியமாகக் காசநோயும் புற்றுநோயும். மூன்றாவதான ஆதாரத்தைத் தருவதில் சிறந்தது இரத்தத்தில் அஸ்பெர்ஜிலசுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. பிறபொருளெதிரியைப் பார்ப்பது. சளியை வளர்த்துப் பார்ப்பதும் உண்டு. ஆனால் நோயுள்ள பலரின் சளியில் பங்கசு வளர்வதில்லை. "சளியில் பங்கசு இல்லை" என்ற ஒரு முடிவோடு விட்டுவிடாமல், இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பங்கசுச் சோதனைகளுக்கான நாட்டின் முதன்மை ஆய்வுகூடம் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இருக்கிறது. மாதிரியை வைத்தியசாலை அனுப்பலாம், நோயாளி போகவேண்டியதில்லை. எந்த மாதிரி, எப்போது அனுப்பப்பட்டது, முடிவு எப்போது வரும் என்பவற்றை உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எழுதப்படாத சோதனைதான் தவறிப்போகும் சோதனை.

நுரையீரல் நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை ராகமைக்கு அருகே வெலிசறையில் இருக்கிறது. நெஞ்சு அறுவைச் சிகிச்சை, சிக்கலான நோய்நிர்ணயம் ஆகியவற்றுக்கு அங்கே அனுப்புவார்கள். அது இருக்கும் கொழும்புப் பக்கம் திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரத்தம் வந்துகொண்டிருப்பவர் அந்தத் தூரத்தைத் தானாகப் பஸ்ஸில் போகக்கூடாது. திருகோணமலையில் அனுமதியாகி, வைத்தியசாலை வழியாகவே போகவேண்டும்.

மருந்து: ஒழுங்காகக் குடித்தால்தான் மருந்து

சிகிச்சையின் முதுகெலும்பு இட்ராகொனசோல் என்ற குளிசை. 2017இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வழமையான அளவு 200 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. அளவை வைத்தியரே தீர்மானிப்பார்.

இந்த மருந்து வேலை செய்கிறதா என்பதற்கான நல்ல சான்று நமக்குப் பக்கத்திலிருந்தே வந்தது. இந்தியாவின் சண்டிகாரில் உள்ள முதுகலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் காசநோய் அதிகமுள்ள சூழலிலேயே இதைச் சோதித்தார்கள். 2013இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில், ஆறு மாதம் இட்ராகொனசோல் குடித்த 17 பேரில் 13 பேர் தேறினார்கள். பொதுவான பராமரிப்பு மட்டும் பெற்ற 14 பேரில் 5 பேர்தான் தேறினார்கள். எவ்வளவு காலம் குடிப்பது என்ற கேள்விக்கு அதே நிறுவனம் 2022இல் பதில் தந்தது. 164 நோயாளரில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதமும் மற்றவர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்பியது ஆறு மாதக்காரரில் 38 சதவீதம், பன்னிரண்டு மாதக்காரரில் 10 சதவீதம். "இருமல் நின்றுவிட்டது, இனி எதற்கு" என்று ஐந்தாம் மாதத்தில் நிறுத்த நினைக்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கலாம்.

இனி மருந்து குடிக்கும் முறை. இதில் நிறுத்தி நிதானமாகப் பேசவேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் குளிசை தோற்றுப்போகும் இடங்களில் பாதி வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது.

இட்ராகொனசோல் கப்சூலுக்கு வயிற்றில் அமிலம் வேண்டும். வெறுவயிற்றில் குடித்தால் சரியாக உறிஞ்சப்படாது. காலையும் இரவும் வயிறார உண்டவுடன் குடியுங்கள். நம்மில் பலர் வயிற்றெரிவுக்கு என்று ஒமிப்ரசோலை நாள்தோறும் காலையில் போடுகிறார்கள். வைத்தியர் எழுதாமலே வருடக்கணக்கில் போடுகிறவர்களும் உண்டு. அந்த ஒரு குளிசை இட்ராகொனசோலை வீணாக்கிவிடும். வயிற்றெரிவு மருந்து கட்டாயம் தேவைப்படுகிறவர்கள் அதை வைத்தியரிடம் சொன்னால் வழி செய்வார். கப்சூலுக்குப் பதில் திரவ வடிவம், அல்லது கோலாப் பானத்தோடு குடிப்பது போன்ற மாற்றுகள் இருக்கின்றன. திரவ வடிவம் கிடைத்தால் அதன் விதி நேர்மாறு: அது வெறுவயிற்றில்.

றிபாம்பிசின் இதன் பெரிய பகை. காசநோய் மருந்தில் உள்ள அந்தக் கூறு ஈரலைத் தூண்டி இட்ராகொனசோலை இரத்தத்தில் ஏறவிடாமல் உடைத்துவிடும். நிறுத்திய பின்னும் ஏறக்குறைய இரண்டு வாரம் அதன் வேலை தொடரும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் பங்கசுக்கு மருந்தே கொடுக்காததற்குச் சமம். இரண்டு நோயும் உண்மையாகவே சேர்ந்திருந்தால் அதற்கான திட்டத்தை நெஞ்சு நோய் நிபுணர்தான் வகுக்கவேண்டும்.

வேறு சில மருந்துகளோடு சேரும்போது ஆபத்து எதிர்ப்பக்கமாக வரும்: இட்ராகொனசோல் அவற்றின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். கொலஸ்ட்ரோலுக்கான சிம்வஸ்ரற்றின் சேரக்கூடாது, தசை சிதையும். வாந்திக்குப் போடும் டொம்பெரிடோன் சேரக்கூடாது. இதயத் துடிப்பு குழம்பும். மருந்தகத்தில் துண்டு இல்லாமலே கேட்டு வாங்கும் குளிசை இது என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். முட்டுக்கு எடுக்கும் புடெசொனைட், புளுற்றிக்கசோன் பம்புகளும் இதோடு சேர்ந்தால் உடலில் ஸ்டீரொயிட் தேங்கி, முகம் ஊதி, சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பி சோர்ந்துவிடலாம். பம்பை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்றுப் பம்ப் கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் குடிக்கிறவர்கள், இதயத்துக்கு டிகொக்சின் குடிக்கிறவர்கள் முதல் நாளே சொல்லிவிடவேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது ஏற்றதல்ல. கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்கள் குடும்பத் திட்ட முறையோடுதான் குடிக்கவேண்டும்.

பக்க விளைவுகளில் கால் வீக்கத்தைக் கட்டாயம் கவனியுங்கள். மாலையில் கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று பாருங்கள். இந்த மருந்து சிலரின் இதயத்தைச் சோர்வடையச் செய்யும், பிரஷரையும் ஏற்றும். கண் மஞ்சளாவது, சிறுநீர் கடும் நிறமாவது ஈரல் பாதிப்பின் அடையாளம். பாத நுனியில் விறைப்பும் ஊசி குத்துவதும் நரம்பு பாதிப்பாக இருக்கலாம். இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். ஈரல் இரத்தப் பரிசோதனையைத் தொடக்கத்திலும் இடைக்கிடையும் செய்வார்கள். வசதி உள்ள இடத்தில், தொடங்கி இரண்டு வாரம் அளவில் இரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்ப்பது நல்லது.

இட்ராகொனசோல் ஒத்துவராதவர்களுக்கு வொரிகொனசோல் கொடுப்பார்கள். அதைக் குடிக்கிறவருக்கு வெயில் எதிரி. தோல் கருகிச் சிவக்கும். நீண்டகாலம் குடித்தால் தோல் புற்றுநோய் அபாயமும் உண்டு. கடலுக்குப் போகிறவர்கள், வயலில் நிற்கிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள் தங்கள் தொழிலை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லவேண்டும். குளிசை போட்ட சற்று நேரத்தில் பார்வை மங்கி நிறங்கள் மாறித் தெரிவதும் இதில் சகஜம். அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டவேண்டாம். குளிசைகள் எதுவும் கேட்காதபோது நாளத்தில் ஏற்றும் அம்போட்டெரிசின் பி இருக்கிறது. அது வாட்டில் வைத்துக் கொடுப்பது.

மருந்து கேட்காமல் போவதற்கு இன்னொரு காரணம் வயலிலிருந்து வருகிறது. பயிரின் பங்கசு நோய்களுக்கு அடிக்கும் மருந்துகளில் பல, நெல்லுக்கு அடிப்பவை உட்பட, இட்ராகொனசோலின் அதே அசோல் குடும்பத்தவை. மண்ணிலும் வைக்கோலிலும் உள்ள அஸ்பெர்ஜிலஸ் அவற்றுக்குப் பழகி, மனிதருக்குக் கொடுக்கும் மருந்துக்கும் மசியாத வகையாக மாறுவது ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. 2022 ஒக்ரோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பங்கசுகளின் பட்டியலில் பியூமிகேற்றஸ் மிக அவசர வகுப்பில் இடம்பெற்றது. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் வயல் செய்கிறவர்கள் மருந்தைச் சொன்ன அளவில், தேவைக்கு மட்டும் அடிப்பது அயலவரின் நுரையீரலுக்கும் நல்லது.

இரத்தம் வந்தால்

சளியில் கோடுபோல இரத்தம் தெரிந்தால் அன்றோ மறுநாளோ வைத்தியரைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி என்று தனி இரத்தமாக வந்தால் உடனே வைத்தியசாலை. அரைக் கோப்பை அளவு வந்தால், அல்லது மூச்சு முட்டினால், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

உங்கள் குழி எந்தப் பக்கம் என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். இரத்தம் பெருகும்போது அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி சரித்துப் படுக்கவைத்தால் நல்ல பக்க நுரையீரலுக்குள் இரத்தம் வழியாது. இந்த நோயில் உயிர் போவது இரத்தம் குறைந்து என்பதைவிட மூச்சுக்குழாய் அடைபட்டே அதிகம். வாயில் வருவதைத் துப்பவிடுங்கள். விழுங்கச் சொல்லாதீர்கள், தண்ணீரோ கசாயமோ பருக்காதீர்கள். அஸ்பிரின் குடிக்கிறவராக இருந்தால் அதை வைத்தியசாலையில் முதலில் சொல்லுங்கள்.

வைத்தியசாலையில் ட்ரனெக்சாமிக் அமிலம் கொடுத்து இரத்தத்தைக் குறைப்பார்கள். நிற்காவிட்டால், தொடை நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பருத்த சுவாசக் குழாய் நாடியை உள்ளிருந்தே அடைக்கும் முறை பெரிய வைத்தியசாலைகளில் உண்டு. அது உயிரைக் காக்கும். ஆனால் பங்கசு அங்கேயே இருப்பதால் மாதங்கள் கழித்து வேறு நாடி பருக்கலாம். ஆகவே அடைத்தபின் குளிசையை விடக்கூடாது.

அறுவைச் சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. ஒரே ஒரு குழி, அதில் ஒரு பந்து, மற்ற நுரையீரல் நன்றாக, மூச்சுத் திறன் போதுமானதாக இருப்பவருக்கு அந்தப் பகுதியை வெட்டி எடுப்பது நிரந்தரத் தீர்வாக அமையலாம். இரண்டு பக்கமும் குழிகள் உள்ளவருக்கு, உறை தடித்து ஒட்டிப்போனவருக்கு, அதில் ஆபத்து கூடுதல். "ஒப்பரேசன் செய்யேலாது" என்று சொன்னால் கைவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். அந்த நோயாளிக்குக் குளிசையே மேலான வழி என்பதுதான் பொருள்.

வீட்டிலும் வேலையிலும்

இந்த நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. காசநோய்க் காலத்தில் தனிக் கோப்பை, தனிப் பாய் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் இரண்டாவது முறையும் அப்படி ஒதுக்கப்படுவதை நினைத்தாலே இருமலை மறைக்கிறார்கள். காசநோய் இல்லையென்று உறுதியானதும் ஒரே சட்டியில் சமைத்து ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கலாம்.

பங்கசு வித்தை முழுதாகத் தவிர்க்க யாராலும் முடியாது. குவியலாக உள்ளே எடுப்பதைத் தவிர்க்கலாம். பெரும்போகச் சூடடிப்பு நாட்களில் களத்தில் நிற்பது, ஈரமேறிய வைக்கோலைக் கிளறுவது, கூட்டெருக் குவியலைப் புரட்டுவது, பழைய சாக்கு உதறுவது, இவற்றை வேறொருவர் செய்யட்டும். செய்தே ஆகவேண்டிய கூலித் தொழிலாளி என்-95 முகக்கவசம் அணியவேண்டும். துணிக் கவசமும் சால்வையும் இந்த வித்தைத் தடுக்காது. மாரிக்குப் பிறகும் வெள்ளத்துக்குப் பிறகும் நனைந்த மெத்தை, தலையணை, மட்டைப் பெட்டி ஆகியவற்றை நோயாளி இல்லாத நேரத்தில் அகற்றி, சுவரை ஈரத்துணியால் துடைத்து, கதவு யன்னலைத் திறந்து காயவிடுங்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக் கரையில் ஏறியதுபோன்ற நாட்களுக்குப் பிறகு வீடு துப்புரவாக்கும் வேலையில் நெஞ்சு வருத்தக்காரரை இறக்காதீர்கள்.

புகைப்பதை விடவேண்டும், பீடியும் சுருட்டும் இதில் அடக்கம். மெலிந்தவருக்கு முட்டை, மீன், பருப்பு, கீரை என்று தினமும் ஏதாவது சேருங்கள். மாதம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்து எழுதுங்கள். மருந்து வேலை செய்வதை எக்ஸ்றேக்கு முன் எடையும் பசியும் காட்டிவிடும். எக்ஸ்றேயில் மாற்றம் தெரிய மாதங்கள் எடுக்கும், குழி மறையாமலும் போகலாம். அதைக் கண்டு மனம் தளரவேண்டாம்.

மருந்து நிறுத்திய பிறகு முதல் இரண்டு ஆண்டுகள்தான் நோய் அதிகம் திரும்பக்கூடிய காலம். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போங்கள், நன்றாக இருந்தாலும். திரும்பினால் பெரும்பாலானவர்களுக்கு அதே குளிசையை மறுபடி தொடங்கலாம். சிலர் வருடக்கணக்கில் குடிக்கவேண்டியிருக்கும், சீனிக்கும் பிரஷருக்கும் குடிப்பதைப்போல. ஒவ்வொரு முறை கிளினிக்கில் புதிய வைத்தியரைச் சந்திக்கும்போதும் கொப்பியின் முதல் பக்கத்தில் நான்கு விடயம் அவர் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள்: காசநோய் சிகிச்சை முடிந்த ஆண்டு, குழி உள்ள பக்கம், அஸ்பெர்ஜிலஸ் பரிசோதனை முடிவும் திகதியும், இட்ராகொனசோல் தொடங்கிய திகதி.